வழக்கத்தின்படியே: ஆன்மிகப் பழக்கங்களைத் தொடங்குகிறவர்களுக்கு

காரைக்குடியில் எங்கள் வீட்டு அலமாரியில் என்னுடைய பழைய வேதாகமம் ஒன்று இருக்கிறது. அதன் தாள் ஓரங்களைப் பார்த்தாலே என் பக்தியின் வரலாறு தெரிந்துவிடும். ஆதியாகமம் முழுக்க விரல் பட்டுப் பழுப்பேறியிருக்கிறது. யாத்திராகமம் பாதி வரை பழுப்பு. அதற்கப்புறம் சங்கீதம் வரும் வரை, வெகுநாள் கடையில் வாங்கிய அன்றைய வெள்ளையாகவே இருந்தது.

வருடா வருடம் ஜனவரி முதல் தேதி, ஒரு நாளைக்கு மூன்று அதிகாரம் என்று கணக்குப் போட்டு உட்காருவேன். ஆதியாகமத்தில் 50 அதிகாரம், யாத்திராகமத்தில் 40. ஆக, ஜனவரி 30-ஆம் தேதி இரண்டும் முடிந்து, 31-ஆம் தேதி காலையில் லேவியராகமத்தின் வாசலில் நிற்க வேண்டும். ஒரு தடவைகூடப் போய்ச் சேர்ந்ததில்லை. ஆசரிப்புக் கூடாரத்தின் நீளம் எத்தனை முழம், அகலம் எத்தனை முழம் என்கிற இடத்திலேயே தூங்கிவிடுவேன். பிப்ரவரியில் குற்ற உணர்ச்சி, மார்ச்சில் மறதி, மறுபடி ஜனவரி.

என்னைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்கள், பிறந்ததிலிருந்தே கோயிலுக்குப் போய்வந்தும் தனியாக ஐந்து நிமிடம் ஜெபிக்கத் தெரியாதவர்கள், பலமுறை தொடங்கிப் பலமுறை விட்டவர்கள். பத்து வருடமாக அதிகாலை நான்கு மணிக்குத் தவறாமல் முழங்காலில் நிற்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. எங்களுக்காக வேண்டிக்கொண்டால் போதும்.

பழக்கம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. காலையில் காபி குடிப்பதும் பழக்கம். ‘அந்த மளிகைக் கடைக்காரர் எனக்கு நல்ல பழக்கம்’ என்கிறோமே, அதுவும் பழக்கம். ஒருத்தரோடு பழக என்ன செய்கிறோம்? போகிறோம், வருகிறோம், பேசுகிறோம், சில நாள் பேச ஒன்றும் இல்லாமல் திண்ணையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறோம். ஆன்மிகப் பழக்கத்துக்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. கடவுளோடு பழகுவதற்காக ஒரு நேரத்தையும் இடத்தையும் ஒதுக்கி, திரும்பத் திரும்பச் செய்கிற காரியம். ஜெபம், வேத வாசிப்பு, நோன்பு, கொடுத்தல், ஆன்ம சோதனை, ஞாயிறு ஆராதனை, ஓய்வு எல்லாம் இதற்குள் வரும்.

(எங்கள் வீட்டில் அப்பா வழி கத்தோலிக்கம், அம்மா வழி சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை. அப்பா பக்கம் செபம், அம்மா பக்கம் ஜெபம். அங்கே ஒருசந்தி, இங்கே உபவாசம். அங்கே தவக்காலம், இங்கே லெந்து நாட்கள். நான் இரண்டையும் கலந்துதான் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஒன்றை மட்டும் முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். இந்தப் பழக்கங்களைக் கொடுத்துப் பதிலுக்குக் கடவுளின் அன்பை வாங்கிக்கொள்ள முடியாது. கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல என்று எபேசியருக்குப் பவுல் எழுதியது நாள் தவறாமல் ஜெபிக்கிறவருக்கும் பொருந்தும், நேற்று ஜெபிக்க மறந்தவருக்கும் பொருந்தும். அதே பவுல்தான் தீமோத்தேயுவிடம் ‘தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு’ என்கிறார். ‘முயற்சி’ என்று நாம் வாசிக்கிற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது உடற்பயிற்சிக்கான சொல். நாம் ‘ஜிம்’ என்கிறோமே, அந்தச் சொல்லின் வேர் அது. அன்பு இலவசம், உடம்பு வளைவதற்குப் பயிற்சி வேண்டும் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இயேசுவுக்கே பழக்கங்கள் இருந்தன. லூக்கா நற்செய்தியில் ‘வழக்கத்தின்படியே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நாசரேத்தில் ஓய்வுநாளன்று ஜெபஆலயத்துக்குப் போனது வழக்கத்தின்படியே (4:16). பாடுபடுவதற்கு முந்தின இரவு ஒலிவமலைக்குப் போனதும் வழக்கத்தின்படியே (22:39). அவர் அதிகாலையில் இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்கிறார் மாற்கு (1:35). அதற்கு முந்தின சாயங்காலம்தான் ஊர் முழுக்க வீட்டு வாசலில் கூடி, நோயாளிகளைக் கொண்டுவந்து விட்டிருந்தது. நானாக இருந்தால் மறுநாள் எட்டு மணி வரை தூங்கியிருப்பேன்.

அந்த ஒலிவமலை விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. யூதாஸ் அவரைத் தேடி அலையவில்லை. இயேசு சீடர்களோடு அடிக்கடி போகிற இடம் அது என்பதால் அவனுக்குத் தெரிந்திருந்தது என்று யோவான் காரணம் சொல்கிறார் (18:2). தானியேல் கதையும் இதே மாதிரிதான். 30 நாளைக்கு ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் பண்ணக் கூடாது என்று சட்டம் வந்தது. தினம் மூன்று வேளையும் எருசலேமை நோக்கித் தானியேலுடைய ஜன்னல் திறந்திருக்கும் என்பது எதிரிகளுக்குத் தெரியும். ‘தான் முன் செய்துவந்தபடியே’ ஜெபம்பண்ணினான் என்கிறது வேதம். ஆபத்து வந்ததும் ஆரம்பித்த ஜெபம் கிடையாது அது. இரண்டு பேரையுமே எதிரிகள் பிடித்தது அவர்களுடைய வழக்கத்தை வைத்துத்தான். என்னை அப்படிப் பிடிக்க வேண்டுமென்றால் யாரும் ஜன்னலுக்கு வரமாட்டார்கள், நேராக டீக்கடைக்குத்தான் வருவார்கள்.

சரி, எங்கே தொடங்குவது? என் தோல்விகளிலிருந்து நான் கற்றது: ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையின் வாலில் கட்டிவிடுவது. இதை எனக்குப் புத்தகம் சொல்லித்தரவில்லை, எங்கள் அம்மாவின் அரிசி டப்பா சொல்லித்தந்தது.

அம்மா திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தபோது அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார். சோறு வைக்க அரிசியை உழக்கால் அளந்து பானையில் போடுவார். அப்புறம் அளந்த அரிசியிலிருந்தே ஒரு கைப்பிடி அள்ளி, பக்கத்தில் இருக்கும் பழைய பிஸ்கட் டப்பாவில் போடுவார். அவ்வளவுதான். அந்த நொடியில் அவர் உதடு அசையும். என்ன சொல்கிறார் என்று சின்ன வயதில் கேட்டேன். ‘ஒண்ணுமில்லப்பா, ஸ்தோத்திரம்னு சொன்னேன்’ என்றார். ஞாயிற்றுக்கிழமை டப்பா துணிப்பைக்குள் போய், பை கோயிலுக்குப் போகும். பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். வீட்டில் பணமே இல்லாத மாதங்களிலும் அந்த டப்பா ஒருநாளும் காலியாகக் கிடந்ததில்லை, ஏனென்றால் தினமும் உலை வைத்துத்தானே ஆக வேண்டும். உலை வைக்கிற வேலையே அவருக்கு ஞாபகமூட்டும் மணி. தனியாக மன உறுதி எதுவும் தேவைப்படவில்லை.

இதைப் பின்னால் ஆய்வாகவும் செய்திருக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைத் தலைக்கு ஒரு சின்னப் பழக்கம் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அதை அன்றாடம் ஒரே சந்தர்ப்பத்தில், உதாரணமாகக் காலைச் சாப்பாடு முடிந்ததும், செய்ய வேண்டும். 2010-இல் வெளியான முடிவின்படி, அது தானாக நடக்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை. ‘21 நாளில் பழக்கம் வந்துவிடும்’ என்று மேடையில் சொல்கிறவர்களை இனி நம்ப வேண்டாம். அதே ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம்: நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஜனவரி 17-ஐத் தவறவிட்டதற்காக மொத்த வருடத்தையும் மூட்டை கட்டி வைத்தவன் நான்.

எங்கள் அப்பத்தாவிடம் இருந்தது இன்னொரு வகை. அவருக்கு மணி கோயிலிலிருந்து வரும். கத்தோலிக்கக் கோயில்களில் காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என மூன்று தடவை மணி அடித்து மூவேளை செபம் சொல்வது பழைய வழக்கம். கபிரியேல் தூதர் மரியாளுக்குச் சொன்ன செய்தியை நினைத்துச் சொல்லும் சின்ன செபம், இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. அப்பத்தா செட்டியார் வீடுகளில் கல்யாணப் பலகாரம் சுடப் போவார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். இரண்டாங்கட்டில் பெரிய வாணலி, எண்ணெயில் சீப்புச் சீடை மிதந்துகொண்டிருக்கிறது. தூரத்தில் பன்னிரண்டு மணி அடித்தது. அப்பத்தா அசையவில்லை. சீடை பொன்னிறமாகும் வரை பார்த்து, சாரணியால் அரித்து எடுத்து, விறகை வெளியே இழுத்துவிட்டு, அப்புறம்தான் முந்தானையில் கையைத் துடைத்துச் சிலுவை போட்டார். மணி அடித்து முழுசாக ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. லேட்டாகிவிட்டதே என்றேன். ‘சீடை கருகுனா ஆச்சிக்கு நட்டம். ஆண்டவரு அஞ்சு நிமிசம் நிப்பாருடா’ என்றார். அந்த வீட்டு ஆச்சி தினமும் பூஜை அறையில் விளக்கேற்றுகிறவர். அப்பத்தா கண்ணை மூடியிருக்கும் நேரத்தில் யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆச்சி சொல்லிவைத்திருந்தார்.

ஆகவே உங்கள் நாளில் ஏற்கெனவே இருக்கும் ஓர் ஆணியைத் தேடுங்கள். பால் காய்ச்சுவது, பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவது, கடை ஷட்டரைத் தூக்குவது, பஸ்ஸில் சீட் கிடைப்பது, ஏதோ ஒன்று. அதில் ஒரு ஜெபத்தை மாட்டுங்கள். முதல் இரண்டு மாதம் இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் மட்டும் போதும். முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்குள் எழுதப்பட்டதாகக் கருதப்படும் ‘திதாக்கே’ என்ற சிறு கையேடே அதை நாளுக்கு மூன்று தடவை சொல்லச் சொல்கிறது. சொந்த வார்த்தையில்தான் ஜெபிக்க வேண்டும், மனப்பாட ஜெபம் செல்லாது என்று ஒரு பக்கமும், புத்தகத்தில் இல்லாத ஜெபம் ஜெபமா என்று இன்னொரு பக்கமும் இழுப்பார்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் இந்த வாக்குவாதம் பல தடவை நடந்திருக்கிறது. தொடங்குகிறவருக்கு வார்த்தை வராத நாட்கள் நிறைய வரும், அன்றைக்கு மனப்பாடம் கைகொடுக்கும். வார்த்தை வருகிற நாளில் பேசுங்கள். வேறென்ன.

வாசிப்புக்கு வருவோம். தயவுசெய்து ஆதியாகமத்திலிருந்து ஓட்டப்பந்தயம் தொடங்காதீர்கள். மாற்கு நற்செய்தியை எடுங்கள், 16 அதிகாரம்தான். நாளுக்கு ஒரு சம்பவம், பத்துப் பதினைந்து வசனம். வாய்விட்டு வாசியுங்கள், ஒருமுறை வேகமாக, ஒருமுறை மெதுவாக. ஏதாவது ஒரு சொல் காலில் முள் மாதிரித் தைக்கும். அங்கே நில்லுங்கள். ஏன் தைத்தது என்று ஆண்டவரிடமே கேளுங்கள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். இது என் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வாசித்தல், தியானித்தல், செபித்தல், அமைதியாக உடனிருத்தல் என்று நான்கு படி உள்ள ஏணியாக 12-ஆம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் எழுதிவைத்தது. நான்காவது படியில் நான் பெரும்பாலும் தூங்கிவிடுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போனில் வாசிக்கலாமா என்று கேட்பார்கள். வாசிக்கலாம். ஆனால் மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் யவீருவின் மகள் எழுந்திருக்கப் போகிற நேரத்தில் மேலே குடும்பக் குழுவின் ‘காலை வணக்கம்’ வந்து விழும். அச்சுப் புத்தகமாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. அதை உட்காரும் இடத்திலேயே வையுங்கள். அலமாரியில் பூட்டினால் எடுக்க மாட்டீர்கள், நானே சாட்சி.

இரவுப் பழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு இருப்பதிலேயே பிடித்ததும், இந்த ஊர்க்காரர்களுக்கு மிகச் சுலபமாகப் புரியக்கூடியதும் அதுதான். ஆன்ம சோதனை என்பார்கள். காரைக்குடிக் கடைவீதியில் இரவு ஒன்பது மணிக்கு மேல் நடந்து பாருங்கள். பாதி ஷட்டர் இறங்கியிருக்கும், உள்ளே ஒருவர் கல்லாவை மேசையில் கொட்டி, நூறு தனி, ஐம்பது தனி என்று அடுக்கி, சிட்டையோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, யாருக்குப் பாக்கி. கணக்கு இடிக்கிறதென்றால் அழுவதில்லை, எங்கே விட்டோம் என்று தேடுவார். இதையே மனதுக்குச் செய்வதுதான் ஆன்ம சோதனை. இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் இதை ஐந்து படியாக ஒழுங்குபடுத்தினார். இன்று கிடைத்த நன்மைகளுக்கு நன்றி சொல்வது, உண்மையைப் பார்க்க வெளிச்சம் கேட்பது, காலையிலிருந்து மணிக்கு மணி நாளைத் திரும்பிப் பார்ப்பது, தவறினதற்கு மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு தீர்மானம் எடுப்பது. 1693-இல் ஓரியூரில் உயிர்விட்ட அருளானந்தரும் இயேசு சபைத் துறவிதான். தேவகோட்டைப் பக்கத்திலிருந்து இன்றும் ஜனங்கள் அவர் இரத்தம் பட்டுச் சிவந்ததாக நம்பப்படும் அந்தச் செம்மண்ணைப் பார்க்கப் போகிறார்கள்.

வரிசையைக் கவனியுங்கள், முதலில் நன்றி. நம்மில் பலர் தவறுகளை எண்ணுவதையே ஆன்ம சோதனை என்று நினைத்து, படுக்கும்போது இன்னும் சோர்ந்து படுக்கிறோம். எந்தக் கடைக்காரரும் செலவை மட்டும் எழுதிக் கணக்கை மூடுவதில்லை. நேற்று என் சிட்டையில் வரவுப் பக்கத்தில் இருந்தது: மழைக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தது, மகள் தானாகவே வீட்டுப்பாடம் முடித்தது, பழைய நண்பன் போன் பண்ணியது. செலவுப் பக்கத்தில்: வேலை பார்க்கும் இடத்தில் ஒரு சின்னப் பையனிடம் தேவையில்லாமல் கத்தியது. இன்று காலை அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இரவு அந்த ஐந்து நிமிடம் உட்காராமல் இருந்திருந்தால் கத்தியதே ஞாபகத்தில் இருந்திருக்காது.

நோன்பைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் எனக்கு அதில் தேர்ச்சி குறைவு. மிளகுக் கோழி வாசம் தெருமுனை வரை வருகிற ஊரில் இருக்கிறேன். கத்தோலிக்க முறையில் இரண்டு சொல் உண்டு. சுத்தபோசனம் என்றால் இறைச்சியை விடுவது. ஒருசந்தி என்றால் ஒரே வேளை முழுச் சாப்பாடு. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் இரண்டுக்கும் கடமை நாட்கள். புதிதாகத் தொடங்குகிறவர் வெள்ளிக்கிழமை ஒரு வேளையை விட்டுப் பார்க்கலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள் உணவில் கைவைக்காமல் போனையோ டிவியையோ விடுங்கள். மிச்சமான சாப்பாட்டுக் காசு யாருக்காவது போய்ச் சேர வேண்டும். பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடு என்று ஏசாயா 58-ஆம் அதிகாரம் உபவாசத்தைப் பற்றிப் பேசுகிற இடத்திலேயே சொல்கிறது. ஞாயிறு ஆராதனை உங்களுக்கே தெரியும், போங்கள். தனியாகப் பாடினால் நமக்கே சகிக்காத பாட்டு அங்கே நன்றாக இருக்கும்.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஒரு கேள்வி வரும். எல்லோருக்கும் வரும். ‘செய்கிறேன், ஆனால் ஒன்றுமே தோன்றவில்லையே. சுவரிடம் பேசுகிற மாதிரி இருக்கிறது.’

இதற்கு நேரடியான பதில் என்னிடம் இல்லை. ஆத்தங்குடியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கே தரைக்கல் செய்கிறவர் முதலில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தைப் பொருத்துகிறார். உள்ளே பூ அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் சின்னக் கரண்டியால் வண்ணக் குழம்பை ஊற்றுகிறார், சிவப்பு, மஞ்சள், பச்சை. அச்சை மெல்லத் தூக்கினால் பூ மிதக்கிறது. அழகாக இருக்கிறதே என்று நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த காய்ந்த தூளைத் தூவி மூடிவிடுகிறார். பிறகு ஈரக் கலவை, கரணையால் ஒரு தேய்ப்பு. இப்போது மேலே தெரிவது வெறும் சாம்பல் நிறச் சிமெண்டுப் பலகை. பூ கீழே, கண்ணாடியைப் பார்த்துக் குப்புறக் கிடக்கிறது. சூளையில் வேகவைப்பது கிடையாது. காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் போட்டு ஊறவைத்து, மறுபடி காயவைக்கிறார்கள். கண்ணாடி கழன்று வரும்போதுதான் பளபளப்பு தெரியும். ‘போட்ட உடனே தூக்கிப் பாத்தா பூ கலைஞ்சுரும் தம்பி’ என்றார் அங்கிருந்த பெரியவர், நான் ஒன்றைத் தூக்கிப் பார்க்கக் கேட்டபோது.

சிலருக்கு இந்த வறட்சி மாதக் கணக்கில் போகும். அப்போது நேரத்தைக் கூட்டாதீர்கள், பத்து நிமிடத்தை ஐந்தாக்கினாலும் பரவாயில்லை, விடாமல் இருந்தால் சரி. கூடவே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், பங்குத்தந்தையோ ஆயரோ உபதேசியாரோ நண்பரோ யாராக இருந்தாலும். அப்படிச் சொன்னபோது எனக்குக் கிடைத்த பதில் ‘எனக்கும் அப்படித்தான் இருக்கிறது’ என்பது. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் புதன்கிழமை சாயங்காலம் பத்து நிமிடம் போனில் சேர்ந்து ஜெபிக்கிறோம். வறட்சி தூக்கமின்மையோடும், எதிலுமே ஆசை இல்லாத மனநிலையோடும் சேர்ந்து வந்தால் டாக்டரையும் பாருங்கள். ஜெபம் போதாதா என்று யாராவது கேட்டால், பவுலோடு பயணம் செய்த லூக்காவே மருத்துவர்தான் என்று சொல்லுங்கள்.

பழக்கம் கெட்டுப்போகிற விதம் வேறு உண்டு. நன்றாக நடக்க ஆரம்பித்ததும் அடுத்தவர் வீட்டுக் கணக்கைப் பார்க்கத் தோன்றும். அவர் ஜெபக் கூட்டத்துக்கு வரவில்லையே, இவர் லெந்து நாளில் பிரியாணி சாப்பிடுகிறாரே என்று. எனக்கு இது மாற்கு நற்செய்தியை மூன்றாம் தடவை முடித்தபோது வந்தது. அப்பத்தா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். அவர் யார் வாணலியையும் எட்டிப் பார்த்ததில்லை.

கடைசியாக லேவியராகமத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஜனவரியை விட்டுவிட்டு ஒரு ஆகஸ்ட் மாதத்தில், காலை டீக்கு அடுப்பில் பால் வைத்த கையோடு, நாளுக்கு அரை அதிகாரம் என்று தொடங்கினேன். 27 அதிகாரம், 54 நாள். நடுவில் ஆறு நாள் தவறியது, ஆக 60. இப்போது அந்தப் பக்கங்களிலும் கொஞ்சம் பழுப்பு ஏறியிருக்கிறது, ஓரிடத்தில் பால் கறையும் இருக்கிறது. அடுத்தது எண்ணாகமம், 36 அதிகாரம்.